தப்பினான், ஆனால் திரும்பவில்லை!

தியானப் பகுதி: லூக்கா 13:6-9



இந்த மாதம் உங்களோடு ஒரு மனுஷனைப் பற்றிப் பேச என் உள்ளம் ஏவப்படுகிறது. அவன் பரிசுத்தவான் அல்ல, ஊழியக்காரனும் அல்ல. அமெரிக்காவிலே மதுவிலக்கு அமலில் இருந்த காலத்தில், சிகாகோ பட்டணத்தில் கள்ளச் சாராயக் கூட்டத்துக்குத் தலைவனாயிருந்தவன். அவன் பெயர் ஜானி டோரியோ. "இவனைப் பற்றி நமக்கென்ன பிரசங்கம்?" என்று கேட்கிறீர்களா? கடைசி வரை வாசியுங்கள். இவனுடைய கதையில் நான் என்னைப் பார்த்தேன். நீங்களும் உங்களைப் பார்க்கலாம்.

குண்டு தீர்ந்த துப்பாக்கி

1925-ம் வருஷம் ஜனவரி 24-ந் தேதி, சனிக்கிழமை. சிகாகோவின் தென்பகுதியில் கிளைட் அவென்யூ என்ற வீதி. டோரியோவும் அவன் மனைவி அன்னாவும் கடைத்தெருவுக்குப் போய்விட்டுக் காரில் வந்து இறங்குகிறார்கள். மனைவி முன்னே வாசலுக்குப் போகிறாள். இவன் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு பின்னே வருகிறான். எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் நடக்கிற காரியம்தானே!

எதிரே ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து துப்பாக்கிகளோடு ஆட்கள் பாய்ந்து வந்தார்கள். தாடை, மார்பு, வயிறு, கால் என்று உடம்பெல்லாம் குண்டு. டோரியோ தன் வீட்டு வாசலிலேயே இரத்த வெள்ளத்தில் விழுந்தான். அவர்களில் ஒருவன் கிட்டே வந்து, கீழே கிடந்தவனுடைய தலையில் துப்பாக்கியை வைத்து விசையை இழுத்தான். அவன் பெயர் பக்ஸ் மோரன் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். "டிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! குண்டு தீர்ந்துபோயிருந்தது. காரிலிருந்தவன் ஆரன் அடிக்கிறான். கொல்ல வந்தவர்கள் ஓடிப்போனார்கள்.

பிரியமானவர்களே, அந்தத் துப்பாக்கியில் இன்னும் ஒரே ஒரு குண்டு இருந்திருந்தால் அவன் கதை அந்த நிமிஷமே முடிந்திருக்கும். அப்போது அவனுக்கு வயது 43. ஆனால் அவன் பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு 32 வருஷம் உயிரோடிருந்தான். முப்பத்திரண்டு வருஷம்! எசேக்கியா ராஜா சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபித்தபோது அவருக்குக் கிடைத்தது 15 வருஷம். அழாதவனுக்கு, ஜெபிக்காதவனுக்கு, அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே கிடைத்தது.

அந்த 32 வருஷத்தை அவன் என்ன செய்தான்? அதுதான் இந்தச் செய்தி.

இரண்டு வயதில் கப்பலேறியவன்

டோரியோ 1882-ல் தென் இத்தாலியில் பிறந்தவன். சிறுபிள்ளையாய் இருக்கும்போதே தகப்பன் இறந்துபோனான். விதவையான தாய், ஏறக்குறைய இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி நியூயார்க் வந்து சேர்ந்தாள். 1880 முதல் 1920 வரைக்குள் இத்தாலியிலிருந்து 40 லட்சம் பேருக்கு மேல் அமெரிக்கா போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் நெற்றி வேர்வை சிந்தி உழைத்தவர்கள். ரயில் பாதை போட்டார்கள், சுரங்கம் தோண்டினார்கள், துணி தைத்தார்கள். ஒரு சிலர் செய்த பாவத்தை ஒரு ஜனத்தின் தலைமேல் சுமத்தக்கூடாது. நான் பேசுவது அந்த ஒரு சிலரைப் பற்றித்தான்.

நியூயார்க்கின் நெருக்கடியான சந்துகளிலே டோரியோ வளர்ந்தான். வாலிபத்திலேயே ஒரு தெருக்கூட்டத்துக்குத் தலைவனானான். உருவத்தில் சிறியவன், ஆனால் மூளைக்காரன். சூது, வட்டி, விபசார விடுதி எல்லாவற்றிலும் கை வைத்தான். 1909-ம் வருஷ வாக்கில் சிகாகோவிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. அழைத்தவன் பெரிய ஜிம் கொலோசிமோ. அவனும் இத்தாலியிலிருந்து வந்து, தெருக் கூட்டும் வேலையில் ஆரம்பித்து, விபசார விடுதிகளால் பணக்காரனானவன். டோரியோவுக்கு உறவு முறை.

அழைத்த காரணத்தைக் கேளுங்கள். "கருப்புக் கை" என்ற பெயரில் மிரட்டல் கடிதம் எழுதிப் பணம் பறிக்கிற கூட்டங்கள் அப்போது இருந்தன. இத்தாலியக் குடியேறிகளை மிரட்டியவர்களும் இத்தாலியர்கள்தான். பயமுறுத்திப் பிழைத்த கொலோசிமோ தானே பயந்துபோய், தன்னைக் காப்பாற்ற டோரியோவை வரவழைத்தான். பாவத்தில் சேர்த்த பணத்துக்குப் பாவிதான் காவல்!

சட்டம் வந்தது, சந்தையும் வந்தது

அமெரிக்காவில் மதுவிலக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1874-ல் கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் கூடினார்கள். 1893-ல் சாராயக் கடை எதிர்ப்புக் கழகம் ஆரம்பமானது. கூலி வாங்கின கையோடு கடைக்குப் போகிற புருஷனால் பட்டினி கிடந்த மனைவிகள், பிள்ளைகள். அவர்களுக்காகச் சபைகள் கண்ணீரோடு போராடின. அந்தக் கண்ணீரை நான் ஒருநாளும் பரிகாசம் பண்ணமாட்டேன். 1920 ஜனவரி 17-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தின நாள் பிரபல சுவிசேஷகர் பில்லி சண்டே, வர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக் பட்டணத்தில், சாராயத்தை ஒரு மனுஷனாகப் பாவித்துச் சவப்பெட்டி வைத்து அடக்க ஆராதனையே நடத்தினார். ஏறக்குறைய 10,000 பேர் கூடினார்கள்.

ஆனால் பெட்டியில் வைத்த பிணம் எழுந்து நடக்க ஆரம்பித்தது! ஏன்? அந்தச் சட்டம் மதுவைத் தயாரிப்பதையும் விற்பதையும் கொண்டுபோவதையும் தடை செய்தது. குடிப்பதைக் குற்றமாக்கவில்லை. கடையை மூடியது, மனுஷனுக்குள் இருந்த தாகத்தை அதனால் மூட முடியவில்லை. தாகம் இருக்கிற இடத்தில் வியாபாரி வந்து நிற்பான். டோரியோ வந்து நின்றான்.

பெரிய ஜிம்மோ பயந்தான். அந்த வியாபாரத்தை விரிவாய் நடத்த அவனுக்கு மனதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். 1920 மே 11-ந் தேதி அவன் தன்னுடைய சொந்த உணவு விடுதியிலேயே சுடப்பட்டுச் செத்தான். அந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. சந்தேகம் டோரியோவின் பழைய நியூயார்க் கூட்டாளி மேல் விழுந்தது. அழைத்தவன் போனான், வந்தவன் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

டோரியோ நியூயார்க்கிலிருந்து ஒரு வாலிபனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டான். இத்தாலியக் குடியேறிகளின் மகன். பெயர் அல் கபோன். மதுவிலக்கு அமலுக்கு வந்த அதே நாள்தான் அவனுடைய 21-வது பிறந்தநாள். கபோன் பெயரை உலகம் அறியும். ஆனால் கபோனுக்கு வாத்தியார் டோரியோ. மூடப்பட்ட பீர் ஆலைகளைக் கைக்குள் போட்டது, பட்டணத்தைத் தெருத் தெருவாய்ப் பங்கு போட்டு ஒவ்வொரு கூட்டத்துக்கும் எல்லை குறித்துக் கொடுத்தது, போலீசுக்கும் அரசியல்வாதிக்கும் மாதப் படியளந்தது, எல்லாம் டோரியோவின் மூளை. "சண்டை வேண்டாம், எல்லோருக்கும் பங்கு இருக்கிறது" என்பது அவன் கொள்கை. சமாதானம் பண்ணுகிறவன் மாதிரி இல்லையா? அந்தச் சமாதானம் யாருடைய வீட்டுச் சமாதானத்தைக் கெடுத்து வந்தது என்று மாத்திரம் கேட்காதீர்கள்!

ஒரு சொட்டும் குடிக்காதவன்

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாய்க் கேளுங்கள். இந்த டோரியோ குடிக்கமாட்டான். புகை பிடிக்கமாட்டான். கெட்ட வார்த்தை பேசமாட்டான். துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை என்று பெருமையாய்ச் சொல்லுவான். விபசார விடுதிகள் நடத்தினவன், தன் மனைவிக்கு மாத்திரம் உண்மையாயிருந்தான். சாயங்காலமானால் நல்ல பிள்ளையாய் வீட்டுக்குப் போய், மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டு, இசை கேட்டுவிட்டுத் தூங்கப் போவான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அமைதியான ஒரு கனவான்.

என்ன ஆச்சரியம் பாருங்க! நம்ம சபையில வந்து உட்கார்ந்தா, "அண்ணன் ரொம்ப ஒழுக்கம்" என்று சாட்சி கொடுப்போமே!

ஆனால் அந்த ஒழுக்கத்துக்கு வெளியே என்ன நடந்தது? டோரியோவோடு கூட்டுச் சேர்ந்திருந்த ஜென்னா சகோதரர்கள் ஆறு பேர், சிசிலியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தங்கள் ஜனங்களின் குடியிருப்புகளிலே, ஏழைகளின் சமையலறைகளிலே, சாராயம் காய்ச்சும் பாத்திரங்களை வைத்தார்கள். அடுப்பைப் பார்த்துக்கொள்ள நாளொன்றுக்கு 15 டாலர். கூலிக்காரனுக்கு அது பெரிய பணம். பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சவேண்டிய அடுப்பில் சாராயம் காய்ந்தது.

குடித்தவர்களுக்கு என்ன ஆயிற்று? தொழிற்சாலைக்கென்று வைத்திருந்த சாராயத்தைக் குடிக்கக்கூடாதபடி, அரசாங்க உத்தரவுப்படி அதில் விஷம் கலந்திருந்தார்கள். கடத்தல்காரர்கள் அதை எடுத்து, அரைகுறையாய்ச் சுத்தம் பண்ணி விற்றார்கள். நாடெங்கும் பலர் குருடானார்கள், பலர் செத்தார்கள். 1930-ல், இஞ்சி மருந்து என்ற பெயரில் விற்ற ஒரு சரக்கைக் குடித்து ஆயிரமாயிரம் பேர் கால் விளங்காமல் போனார்கள். இந்தச் சாவுகளில் எதுவும் டோரியோவின் கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை. ஆனால் பரலோகத்திலே வேறொரு புத்தகம் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

ஆபகூக் 2-ம் அதிகாரம் 15-ம் வசனத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். அங்கே ஐயோ என்று சொல்லப்படுவது குடிக்கிறவனுக்கு அல்ல. தன் அயலானுக்கு ஊற்றிக் கொடுக்கிறவனுக்கு! தன் உதட்டில் ஒரு சொட்டும் படாமல் ஊர் முழுவதற்கும் ஊற்றிக் கொடுத்தவன் டோரியோ.

கைகுலுக்கி வந்த மரணம்

சிகாகோவின் வடபகுதிக்கு ஒருவன் தலைவனாயிருந்தான், டீன் ஓபேனியன். சின்ன வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடினவன். அந்த ஆலயத்துக்கு, அதாவது ஹோலி நேம் பேராலயத்துக்கு, எதிரிலேயே பூக்கடை வைத்திருந்தான். கூட்டாய் நடத்தின ஒரு பீர் ஆலையில் தன் பங்கை 5 லட்சம் டாலருக்கு டோரியோவிடம் விற்றான். 1924 மே 19-ந் தேதி போலீஸ் அங்கே புகுந்தது. சோதனை வரப்போவது ஓபேனியனுக்கு முன்னமே தெரியும்! டோரியோ கையும் களவுமாய்ப் பிடிபட்டான்.

சும்மா விடுவார்களா? அதே வருஷம் நவம்பர் 10-ந் தேதி பூக்கடைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் சிநேகிதனைப் போலக் கை நீட்டினான். ஓபேனியனும் கையைக் கொடுத்தான். பிடித்த கையை விடவில்லை, மற்றவர்கள் சுட்டார்கள். முத்தத்தினால் காட்டிக்கொடுத்த யூதாசை அறிவோம். இங்கே கைகுலுக்குதலால் கொலை. சவ அடக்கத்துக்கு வண்டி வண்டியாய்ப் பூ வந்தது. அந்தப் பூக்களுக்கு நடுவிலே ஒரு ஆத்துமா எங்கே போயிற்று என்று கேட்க ஒருவரும் இல்லை.

அதற்குப் பழி வாங்கத்தான் ஜனவரி 24-ந் தேதி டோரியோவின் வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்களில் ஒருவன் என்று சொல்லப்படுகிறவன் ஹைமி வைஸ்; போலந்து தேசத்தில் பிறந்து வந்தவன். 1926 அக்டோபர் 11-ந் தேதி, அதே பேராலயத்துக்கு எதிரே, அவனை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள். வயது 28. குண்டுகள் அவனைத் துளைத்ததோடு நிற்காமல் பேராலயத்தின் மூலைக்கல்லையும் பெயர்த்தன. அந்தக் கல்லிலே, இயேசுவின் நாமத்துக்கு முன் முழங்கால் யாவும் முடங்கும் என்ற பிலிப்பியர் நிருபத்து வசனம் செதுக்கியிருந்தது. சில எழுத்துக்கள் சிதறிப்போயின. கல்லில் இருந்த எழுத்தைக் குண்டு அழிக்கலாம். அந்த வார்த்தையை யார் அழிக்க முடியும்? அல்லேலூயா!

இடம் மாறினான், மனம் மாறவில்லை

சரி, டோரியோவிடம் வருவோம். ஆஸ்பத்திரியில் பல நாள் சாவோடு போராடினான். கபோன் காவலுக்கு ஆள் போட்டுத் தானும் பக்கத்திலேயே இருந்தான். "சுட்டது யார்?" என்று போலீஸ் கேட்டபோது டோரியோ பெயர் சொல்லவில்லை. மன்னித்ததினால் அல்ல; அவர்கள் தொழிலின் வழக்கம் அது. பீர் ஆலை வழக்கில் 9 மாதம் சிறை, 5,000 டாலர் அபராதம். சிறைக்குள்ளும் காவலாளிகளை வைத்துக்கொண்டு பயந்து பயந்து இருந்தான்.

அங்கேதான் ஒரு தீர்மானம் எடுத்தான். சிகாகோ தொழில் முழுவதையும் கபோன் கையில் ஒப்படைத்துவிட்டான். மனைவியோடு இத்தாலிக்குப் போனான்.

ஆகா, மனந்திரும்பிவிட்டான் என்று நினைக்கிறீர்களா? நானும் முதலில் வாசிக்கும்போது அப்படித்தான் நினைத்தேன். இல்லை, பிரியமானவர்களே! சில வருஷத்தில் திரும்பவும் நியூயார்க் வந்தான். மறுபடியும் மது வியாபாரம். பெரிய கூட்டங்களின் தலைவர்களுக்கு ஆலோசனைக்காரன் ஆனான். 1933 டிசம்பர் 5-ந் தேதி மதுவிலக்கு ரத்தானது. அவன் தொழில் ரத்தாகவில்லை. 1939-ல் வருமான வரி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, இரண்டரை வருஷத் தண்டனை பெற்று லெவன்வர்த் சிறைக்குப் போனான். வெளியே வந்து அமைதியாய் வாழ்ந்தான். 1957 ஏப்ரல் 16-ந் தேதி, புரூக்ளினில் முடி வெட்டும் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மாரடைப்பு வந்தது. அன்றைக்கே இறந்துபோனான். வயது 75.

அவன் தலையில் துப்பாக்கி வைத்த பக்ஸ் மோரன்? அதே 1957-ம் வருஷம் பிப்ரவரி 25-ந் தேதி, அதே லெவன்வர்த் சிறையில், நுரையீரல் புற்றுநோயால் செத்தான். சுட்டவனும் சுடப்பட்டவனும் இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பின் ஒருவராய் ஒரே நியாயாசனத்துக்கு முன்னே போனார்கள். சிஷ்யன் கபோன் அதற்குப் பத்து வருஷம் முன்னமே, 1947-ல், வியாதியால் புத்தி மழுங்கி, 48 வயதில் போய்விட்டான்.

டோரியோவின் கடைசி நிமிஷத்தில் அவன் உள்ளத்துக்குள் என்ன நடந்தது என்று தேவன் ஒருவருக்கே தெரியும். சிலுவையில் தொங்கின கள்ளனைக் கடைசி நேரத்தில் சேர்த்துக்கொண்ட ஆண்டவர் அவர். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அவனுடைய 32 வருஷத்தில் வெளியே தெரிந்தது ஒன்றுதான். அவன் சாவுக்குப் பயந்தான், பாவத்துக்குப் பயப்படவில்லை. சிகாகோவை விட்டான், தொழிலை விடவில்லை. தாயின் இடுப்பில் இருந்த நாள் முதல் அவன் தேசம் மாறினான், பட்டணம் மாறினான், வீடு மாறினான். மனம் மாத்திரம் மாறவில்லை.

தப்புவது வேறு, இரட்சிக்கப்படுவது வேறு!

நோட்டுப் புத்தகமும் பித்தளைக் குடமும்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

1984-ல் எனக்கு 24 வயது. ஏலத்தில் சாராயக் கடைகள் எடுத்திருந்த ஒருவரிடம் கணக்கு எழுதும் வேலை பார்த்தேன். நான் குடிக்கமாட்டேன். பீடி கூடத் தொட்டதில்லை. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போவேன்; தசமபாகம் கூடக் கொடுத்தேன், எந்தப் பணத்திலிருந்து என்று நீங்களே யோசியுங்கள்.

ஒரு நாள் ஒரு கூலிக்காரர் பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். "எழுதிக்கங்க தம்பி" என்றார் கடைக்காரர். எழுதினேன். மறுநாள் காலையில் அந்த மனுஷனின் மனைவி என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். "நீ சர்ச்சுக்குப் போற பிள்ளைதானே தம்பி? அந்தக் குடத்தக் குடுத்துரு. தண்ணி எடுக்க வேற குடமில்ல" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் கணக்கு மட்டுந்தாம்மா எழுதுறேன்" என்றேன்.

நான் கணக்கு மட்டுந்தான்! டோரியோவும் அதைத்தானே சொன்னான்?

அந்த மாதமே ஒரு ராத்திரி, வசூல் பணத்தோடு சைக்கிளில் வரும்போது லாரி ஒன்று தட்டித் தள்ளியது. சைக்கிள் சப்பளிந்துபோயிற்று. எனக்குச் சிராய்ப்போடு போனது. ஞாயிற்றுக்கிழமை சபையிலே எழுந்து நின்று, "கர்த்தர் என்னை மரணத்துக்குத் தப்புவித்தார்" என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் கைதட்டி ஸ்தோத்திரம் பண்ணினார்கள். 101 ரூபாய் காணிக்கை போட்டேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து அதே நோட்டைத் திறந்தேன்.

இன்னும் எட்டு மாதம் அந்த வேலை செய்தேன். ஒரு உபவாச ஜெபத்தில் ஆவியானவர் என்னிடத்தில் இடைப்பட்டார். லாரியைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. "அந்தக் குடம் எங்கே?" என்று கேட்டார். நான் முகங்குப்புற விழுந்து அழுதேன். வேலையை விட்டேன். கையிலிருந்த பணத்தில் ஒரு புதுக் குடம் வாங்கிக்கொண்டு அந்த வீட்டைத் தேடிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டார்கள் என்றார்கள். எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தக் குடம் இன்றைக்கும் என் வீட்டில் இருக்கிறது. தேவன் என்னை மன்னித்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எட்டு மாதம் முந்தியே நான் திரும்பியிருந்தால் அது அவள் இடுப்பில் இருந்திருக்கும்.

இந்த வருஷமும் இருக்கட்டும்

லூக்கா 13-ல் ஆண்டவர் ஒரு அத்திமரத்தின் கதையைச் சொல்லுகிறார். மூன்று வருஷமாய்க் கனியில்லை. எஜமான் வெட்டச் சொல்லுகிறார். தோட்டக்காரனோ, இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளும், கொத்தி எருப்போடுகிறேன் என்று கெஞ்சுகிறான். மரத்துக்கு அது தெரியுமா? தனக்குத் தவணை கிடைத்ததே மரத்துக்குத் தெரியாது! "நாம நல்லாத்தான் இருக்கோம்" என்று நினைத்துக்கொண்டு நிற்கிறது.

அன்புச் சகோதரனே, சகோதரியே, உன்னுடைய தலையருகே எத்தனை தடவை "டிக்" என்று சத்தம் கேட்டது? அந்த விபத்து, அந்த ஆபரேஷன், அந்தக் கடன்காரன், பிடிபடாமல் போன அந்தப் பொய்க் கணக்கு! அதையெல்லாம் சாட்சியாய்ச் சொல்லிக் காணிக்கையும் போட்டுவிட்டாய். நல்லது. திங்கட்கிழமை எங்கே போய் உட்கார்ந்தாய்?

"நான் லஞ்சம் வாங்கறதில்ல, வாங்குறவருக்குக் கையெழுத்து மட்டும் போடுறேன்." "நான் வட்டிக்கு விடறதில்ல, வீட்டுக்காரர் விடுறார்." "நான் கலப்படம் பண்றதில்ல, வந்த சரக்க விக்கிறேன்." ஐயோ! டோரியோவின் உதடும் சுத்தமாய்த்தான் இருந்தது. ஆண்டவர் உதட்டைப் பார்க்கிறதோடு நிறுத்துகிறவரா? கையைத் திருப்பிப் பார்க்கிறவர் அல்லவா?

சகேயுவைப் பாருங்கள். அவன் சாட்சி சொல்லி நிறுத்தவில்லை. நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்றான். அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது. உனக்குத் தெரிந்த ஒரு குடம் இருக்கிறது. யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்பதும் உனக்குத் தெரியும். அந்த வீடு பூட்டப்படுவதற்கு முன்னே எழுந்து போ. இன்றைக்கே போ!

ஜெபிப்போமா?

அன்பின் பரலோகப் பிதாவே, நான் தப்பின நாட்களுக்காக உமக்கு நன்றி. தப்பினதையே இரட்சிப்பு என்று நினைத்து ஏமாந்துபோனேன், என்னை மன்னியும். "நான் கணக்கு மட்டும்தான் எழுதினேன்" என்ற என் சாக்கை இன்று உம்முடைய பாதத்தில் போடுகிறேன். இயேசுவின் இரத்தத்தினால் என் கைகளைக் கழுவும். நான் திருப்பிக் கொடுக்கவேண்டியதை எனக்குக் காட்டும். அந்த வாசலுக்குப் போக எனக்குப் பெலன் தாரும். நீர் கூட்டிக்கொடுத்த நாட்களைக் கனியற்ற மரமாய் நின்று கழித்துவிடாதபடி என்னைக் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், பிதாவே. ஆமென்.